உச்சிவெயிலில் அகச்சிவப்பு: மாற்றியமைத்த கேமராவுடன் வேலூர்ப் பக்கத்தில் தொடங்கியது

வேலூர்ப் பக்கத்தில் இயற்கைக்காட்சிகளைப் படமெடுக்கப் புறப்படுகிறவர்களுக்கு ஒரு நாளில் கிடைக்கும் நல்ல வெளிச்சம் மிகவும் குறைவு. காலை எட்டரை மணிக்கெல்லாம் வெயில் ஏறிவிடும். அதன்பிறகு பிற்பகல் நான்கு மணி கடக்கும்வரை வானம் வெளுத்துக் கிடக்கும், பாறை மலைகள் நிழலில்லாமல் தட்டையாகத் தெரியும், தொலைவிலுள்ள ஜவ்வாது மலை மங்கலான கோடாகிவிடும். கேமராவை உறையில் போட்டுவிட்டு நிழலில் ஒதுங்குவதே வழக்கமாக இருந்த அந்த நேரத்தை என்ன செய்யலாம் என்ற யோசனைதான் என்னை அகச்சிவப்புப் படங்களின் பக்கம் திருப்பியது. சாதாரணப் படத்துக்கு உதவாத உச்சிவெயில் இந்த வகைப் படத்துக்கு மிகச் சிறந்த வெளிச்சம். அந்த ஒரு காரணத்துக்காகவே, இதைத் தொடங்குவதற்கு வேலூரைவிடப் பொருத்தமான ஊர் தமிழ்நாட்டில் இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

கேமராவைப் பார்ப்பவர்கள் முதலில் கேட்பது, இதில் சூடு தெரியுமா என்பதுதான். தெரியாது. உடலின் சூட்டைக் காட்டும் வெப்பக் கேமராக்கள் ஏறத்தாழ 8 முதல் 14 மைக்ரோமீட்டர் வரையிலான அலைநீளத்தில் வேலை செய்பவை. அவற்றில் ஒளியை உணர்ந்து பதியும் சென்சாரும் லென்ஸும் முற்றிலும் வேறானவை. நம் கண் காணும் ஒளி சுமார் 400 முதல் 700 நானோமீட்டர் வரை உள்ளது. அதற்கு அடுத்து, சிலிக்கான் சென்சார் உணரக்கூடிய எல்லையான சுமார் 1100 நானோமீட்டர் வரை இருக்கும் அண்மை அகச்சிவப்பு ஒளியே இங்கு பேசப்படுவது. அது சூரியனிலிருந்து வந்து பொருளின்மேல் பட்டுத் திரும்பும் ஒளி; பொருள் தானாக உமிழும் வெப்பத்துக்கு இதில் பங்கில்லை. சித்திரையில் கால்வைக்க முடியாதபடி கொதிக்கும் பாறையும் மார்கழிக் காலையில் குளிர்ந்திருக்கும் அதே பாறையும், வெயில் ஒரே அளவில் விழுந்தால், ஒரே சாம்பல் நிறமாகத்தான் பதியும்.

இலைகள் இதில் வெளுத்துத் தெரிவதற்குப் பச்சையம்தான் காரணம் என்று பலரும் எழுதுகிறார்கள். பச்சையம் சிவப்பையும் நீலத்தையும் உறிஞ்சுமே தவிர, 700 நானோமீட்டரைத் தாண்டிய ஒளியை ஏறக்குறைய அப்படியே கடந்துபோக விட்டுவிடும். இலையின் உட்பகுதியில் நீர் நிறைந்த செல்களுக்கும் அவற்றுக்கு இடையே உள்ள காற்றறைகளுக்கும் நடுவில் அந்த ஒளி மீண்டும் மீண்டும் சிதறி, ஏறக்குறைய பாதியளவு வெளியே திரும்பிவிடுகிறது. வெளுப்புக்குக் காரணம் அந்தச் சிதறல். அமெரிக்க இயற்பியலாளர் ராபர்ட் வில்லியம்ஸ் வுட் 1910இல் வெளியிட்ட படங்களுக்குப் பிறகு இதற்கு வுட் விளைவு என்ற பெயர் நிலைத்தது. இந்தப் படங்களில் வானம் கருப்பாகத் தெரிவதற்கான காரணம் வேறு. காற்றின் மூலக்கூறுகள் ஒளியைச் சிதறடிக்கும் அளவு அலைநீளத்தின் நான்காம் அடுக்குக்குத் தலைகீழ் விகிதத்தில் இருப்பதால், 450 நானோமீட்டர் நீல ஒளியோடு ஒப்பிட்டால் 800 நானோமீட்டர் ஒளி ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான் சிதறும். தெளிந்த வானத்திலிருந்து கேமராவுக்கு வந்துசேர அகச்சிவப்பு ஒளி அதிகம் இருக்காது. மேகம் மட்டும் எல்லா அலைநீளங்களையும் ஒன்றுபோல் சிதறடிப்பதால் கருத்த வானத்தில் வெண்மையாகத் துலங்கும். ஆழமான நீர் அகச்சிவப்பை விழுங்கிக்கொள்வதால் அதுவும் கருமையாகும்.

எல்லா டிஜிட்டல் கேமராவின் சென்சாருக்கும் அகச்சிவப்பைக் காணும் திறன் இயல்பிலேயே உண்டு. அதை அப்படியே விட்டால் சாதாரணப் படங்களின் நிறம் கெட்டுவிடும் என்பதால், சென்சாருக்கு முன்னால் அகச்சிவப்பைத் தடுக்கும் கண்ணாடி ஒன்றைத் தொழிற்சாலையிலேயே பொருத்திவிடுகிறார்கள். தொலைக்காட்சி ரிமோட்டை லென்ஸை நோக்கிப் பிடித்துப் பொத்தானை அழுத்தினால், அந்தத் தடுப்பு எவ்வளவு இறுக்கமானது என்பது திரையில் தெரியும் வெளிச்சத்தின் அளவிலிருந்து ஓரளவு புலப்படும். கேமராவைத் திறக்காமலேயே, லென்ஸின் முகப்பில் அகச்சிவப்பை மட்டும் உள்ளே விடும் ஹோயா ஆர்72 போன்ற கறுப்பு ஃபில்டரைத் திருகிப் படம் எடுக்கலாம். செலவு குறைவு. ஆயினும் உள்ளே தடுக்கும் கண்ணாடியும் வெளியே மறைக்கும் ஃபில்டருமாகச் சேர்ந்து ஒளியைப் பெரும்பாலும் தின்றுவிடுவதால், நல்ல வெயிலிலும் ஒவ்வொரு படத்துக்கும் பல விநாடிகள் தேவைப்படும்; முக்காலி இல்லாமல் முடியாது; காற்று வீசினால் தென்னங்கீற்றெல்லாம் புகையாகக் கலங்கிவிடும். வேலூர்க் கோட்டையைப் போலத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடங்களில் முக்காலி வைக்க முன் அனுமதி வேண்டும் என்பதும் சேர்ந்துகொள்ள, உள்ளேயுள்ள தடுப்புக் கண்ணாடியை எடுத்துக் கேமராவையே மாற்றியமைத்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

மாற்றுவதற்கென்று தேர்ந்தெடுத்தது, உள்ளே ஒளியைத் திருப்பும் ஆடி இல்லாத மிரர்லெஸ் வகையைச் சேர்ந்த, 1.8 கோடி பிக்சல் கொண்ட, பயன்படுத்திய பழைய கேமரா. ஆடி உள்ள எஸ்எல்ஆர் கேமராக்களில் ஃபோகஸைக் கணிக்கும் சென்சார் அந்த ஆடிப் பெட்டியின் அடியில் தனியாக அமைந்திருக்கிறது. அது கண் காணும் ஒளியைக்கொண்டு கணிக்கிறது, படமோ வேறொரு அலைநீளத்தில் பதிவாகிறது. லென்ஸ் இவ்விரண்டையும் ஒரே தளத்தில் குவிப்பதில்லை. பழைய மேனுவல் லென்ஸ்களில் தொலைவு எண்களுக்குப் பக்கத்தில் ஒரு சிவப்புக் கோடோ புள்ளியோ இருப்பதைச் சிலர் பார்த்திருப்பீர்கள். அகச்சிவப்பு ஃபிலிமில் எடுக்கும்போது ஃபோகஸை அங்கே நகர்த்த வேண்டும் என்பதற்கான குறி அது. மிரர்லெஸ் கேமராவில் படம் பதியும் சென்சாரே ஃபோகஸையும் கணிப்பதால் இந்தச் சிக்கல் எழுவதில்லை. உள்ளே ஃபிளாஷ் பொருத்தப்படாத மாடலாகப் பார்த்து வாங்கியதற்குக் காரணம் பாதுகாப்பு. ஃபிளாஷ் உள்ள கேமராவில் மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் கபாசிட்டரில் ஏறத்தாழ 300 வோல்ட் மின்னேற்றம் இருக்கும். பேட்டரியைக் கழற்றி நெடுநேரம் ஆன பின்னும் அது தங்கியிருக்கக்கூடும்.

ஏற்கெனவே மாற்றிய கேமராவை வாங்க நினைப்பவர்கள் ஒன்றை விசாரித்துக்கொள்ள வேண்டும். விண்வெளிப் படங்களுக்காக மாற்றிய கேமராக்களும் சந்தையில் கிடைக்கின்றன. ஜவ்வாது மலையில் காவலூர் வைணு பாப்பு வான் ஆய்வகம் இருப்பதாலோ என்னவோ, நம் பக்கத்து இளைஞர்களிடம் விண்மீன் படங்களில் ஆர்வம் மிகுதி. அவர்களுக்கு வேண்டியது 656 நானோமீட்டரில் ஒளிரும் ஹைட்ரஜனின் சிவப்பு. ஆகவே அந்தக் கேமராக்களில் பெரும்பாலானவை சிவப்பை முழுமையாக விட்டு, அகச்சிவப்பைத் தடுத்தே வைத்திருக்கும். நிலக்காட்சிக்கு அவை பயன்படா.

அடுத்தது, எந்தக் கண்ணாடியைப் பொருத்துவது என்பது. கண்ணாடியின் எண், ஏறத்தாழ எந்த அலைநீளத்துக்கு மேலுள்ள ஒளியை மட்டும் அது உள்ளே விடும் என்பதைக் குறிக்கும். 590 நானோமீட்டர் கண்ணாடி, கண் காணும் ஒளியிலும் கணிசமான பகுதியை விடுவதால் இலைகளைப் பொன்னிறமாக்கும். 665 அதைவிடச் சற்று அடக்கம். 720 வெளுத்த இலைகளோடு மெல்லிய நிறத்தைத் தரும். 830, 850 ஆகியவை கறுப்பு-வெள்ளைக்கே உரியவை. நிறமில்லாத வெறுங்கண்ணாடியைப் போட்டு, லென்ஸின் முகப்பில் வேண்டிய ஃபில்டரை அவ்வப்போது மாற்றிக்கொள்ளும் முழுநிறமாலை முறையும் உண்டு. வெயிலில் நின்று ஃபில்டரைக் கழற்றி மாட்டும் பொறுமை எனக்கு இல்லை. நான் 720ஐ எடுத்துக்கொண்டேன். சென்சாரின்மேல் 720 இருக்கும்போது, முகப்பில் 850ஐத் திருகி மேலும் ஆழமான கறுப்பு-வெள்ளைக்குப் போகலாம். உள்ளே 850ஐப் போட்டுவிட்டால் திரும்பி வர வழியில்லை. பொன்னிற இலைகள் சில காலம் கண்ணைப் பறிக்கும், பிறகு திகட்டிவிடும் என்பது என் கணிப்பு. இதில் ரசனை வேறுபடலாம்.

கண்ணாடி மாற்றும் வேலையைச் சென்னையில் கேமரா பழுதுபார்க்கும் ஒருவர் செய்துகொடுத்தார். பக்கத்தில் அமர்ந்து பார்க்க இடம் தந்ததால் வேலையின் போக்கை எழுத முடிகிறது. மேசையின்மேல் ஒரு பெரிய வெள்ளைத் தாளை விரித்து, அதில் கேமராவின் வடிவத்தைத் தோராயமாக வரைந்து, கழற்றிய ஒவ்வொரு திருகையும் அது இருந்த இடத்திலேயே இரட்டைப் பக்க ஒட்டுநாடாவில் ஒட்டிவைத்தார். பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும் திருகுகளில் ஒரு மில்லிமீட்டர் நீள வேறுபாடு இருக்கும். நீளமானதைக் குட்டையானதன் இடத்தில் முடுக்கினால் அது உள்ளேயுள்ள மின்சுற்றுப் பலகையைத் துளைத்துவிடும். "அவசரப்படாதீங்க சார், திறக்கறது பெரிசில்ல, மூடறதுதான் வேலை" என்று சொல்லிக்கொண்டே, மணிக்கட்டில் மாட்டிய நிலைமின் தடுப்புப் பட்டையைத் தரையிணைப்போடு இணைத்துக்கொண்டார். பின்பலகை, திரை, முதன்மைப் பலகை என்று வரிசையாக எடுத்தபின், நாடா இணைப்புகளின் பூட்டுகளைப் பிளாஸ்டிக் குச்சியால் நெம்பி விடுவித்தார்.

சென்சார் நேரடியாகக் கேமராவின் உடலில் உட்காருவதில்லை. மூன்று திருகுகளில், மெல்லிய உலோகத் தகடுகளின்மேல் நிற்கிறது. லென்ஸ் பொருந்தும் வளையத்துக்குச் சென்சார் துல்லியமாக இணையாக இருப்பதற்காகத் தொழிற்சாலையில் வைத்த தகடுகள் அவை. எந்தத் தகடு எந்தத் திருகின் கீழே இருந்தது என்பதைக் குறித்துவைக்காவிட்டால், பிறகு படத்தின் ஒரு மூலை கூர்மையாகவும் எதிர் மூலை மங்கலாகவும் வரும். சென்சாரின் முகப்பில் முதலில் இருந்தது, தூசியை உதறுவதற்காக அதிரும் மெல்லிய கண்ணாடி. அதற்குப் பின்னால் இளநீலமும் பச்சையும் கலந்த நிறத்தில் ஒரு கண்ணாடி. அகச்சிவப்பை இத்தனை காலம் தடுத்துவந்தது அதுதான். அதை எடுத்துவிட்டு, ஆழ்ந்த சிவப்பாய், ஏறக்குறைய கறுப்பாகவே தெரிந்த 720 கண்ணாடியைப் பொருத்தினார். புதிய கண்ணாடியின் கனம், எடுத்ததற்கு ஒளியியல் கணக்கில் ஈடாக இருக்க வேண்டும். கண்ணாடி ஒளியின் குவியத்தை அதன் கனத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பின்னுக்குத் தள்ளுவதால், கண்ணாடி இல்லாமலோ மெலிந்த கண்ணாடியோடோ மூடிவிட்டால், அண்மைப் பொருள்கள் கூர்மையாக வரும், தொலைவிலுள்ள மலை ஒருபோதும் கூர்மையாகாது. நிலக்காட்சிக்காரனுக்கு அதைவிடக் கேடு வேறில்லை. அதனால் மூடி முடித்ததும் முதல் சோதனையாக மாடிக்குச் சென்று, தொலைவிலிருந்த கைப்பேசிக் கோபுரத்தை எடுத்துத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தோம்.

வீட்டிலேயே இதைச் செய்ய நினைப்பவர்களைத் தடுக்க மாட்டேன். ஃபிளாஷ் இல்லாத, விலை குறைந்த, கெட்டுப்போனாலும் வருந்தாத கேமராவில் தொடங்குங்கள். சென்சாரை மூடியிருக்கும் நிலையான கண்ணாடியின்மேல் விரல் படவே கூடாது. மின்விசிறியை நிறுத்திவிட்டு வேலை செய்யுங்கள்.

ஊருக்குத் திரும்பியபின் முதல் வேலை ஒயிட் பேலன்ஸ், அதாவது எதை வெள்ளையாகக் கொள்வது என்று கேமராவுக்குச் சொல்வது. எந்தச் சரிப்படுத்தலும் இல்லாமல் எடுத்தால் படம் முழுவதும் செக்கச் செவேலென்று இருக்கும். வெயில் படும் பசும்புல்லையோ வேப்பங்கிளையையோ திரை நிறைய எடுத்து, அந்தப் படத்தையே தன்விருப்ப ஒயிட் பேலன்ஸுக்கு அளவுகோலாகக் கேமராவிடம் கொடுக்க வேண்டும். அதன்பின் இலைகள் வெண்மைக்கு வரும், வானம் செம்பழுப்பாகும். இது கேமராவின் திரையில் பார்ப்பதற்கும் ஜேபெக் படத்துக்கும் மட்டுமே. சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா கோப்பைக் கணினியில் திறந்ததும் சில மென்பொருள்கள் மீண்டும் சிவப்பைக் காட்டும்; லைட்ரூம் மென்பொருளில் ஒயிட் பேலன்ஸைக் குறிக்கும் நிற வெப்பநிலை அளவு 2000 கெல்வினோடு நின்றுவிடுவதால், அடோபியின் டிஎன்ஜி புரொஃபைல் எடிட்டரில் அந்தக் கேமராவுக்கென ஒரு தனி நிறக்குறிப்பைச் செய்து, வெப்பநிலையைக் கடைசிவரை குறைத்து வைத்துக்கொள்ள வேண்டும். ஒருமுறை செய்தால் போதும். இலவசமாகக் கிடைக்கும் டார்க்டேபிள் மென்பொருளில் இலைப்பகுதியைச் சுட்டிக்காட்டினாலே ஒயிட் பேலன்ஸ் அமைந்துவிடுகிறது. நான் அதையே பயன்படுத்துகிறேன்.

லென்ஸ் விஷயத்தில் விலையை நம்பிப் பயனில்லை. சில லென்ஸ்களில் படத்தின் நடுவே வட்டமாக ஒரு வெளுத்த திட்டு விழும்; லென்ஸின் உட்பூச்சும் கண்ணாடிப் பரப்புகளும் அகச்சிவப்பைத் தமக்குள் எதிரொளிப்பதால் வருவது அது. மிக உயர்ந்த லென்ஸிலும் இது இருக்கலாம், கேமராவோடு வரும் சாதாரண லென்ஸில் இல்லாமலும் இருக்கலாம். லென்ஸில் ஒளி நுழையும் துளையான அப்பர்ச்சரைச் சுருக்கச் சுருக்க, அதாவது எஃப் எண் கூடக் கூட, திட்டின் விளிம்பு தெளிவாகும். கையிலுள்ள ஒவ்வொரு லென்ஸையும் மேகமில்லாத வானத்தை நோக்கிப் பிடித்து, எஃப் 4 முதல் எஃப் 16 வரை ஒவ்வொரு படியிலும் எடுத்து, கணினியில் கறுப்பு-வெள்ளையாக்கி, கான்ட்ராஸ்ட்டைக் கூட்டிப் பார்த்தேன். கேமராவோடு வந்த ஜூம் லென்ஸ் எஃப் 8 வரை சுத்தமாக இருந்தது; எனக்கு மிகவும் பிடித்த 50 மில்லிமீட்டர் லென்ஸ் எஃப் 5.6லேயே நடுவில் வெளுத்தது. அதை அன்றோடு இந்தக் கேமராவிலிருந்து விலக்கிவிட்டேன். எஃப் 8ஐத் தாண்டாமல் இருப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. சிறிய துளையைக் கடக்கும் ஒளி பரவி மங்கும் ஒளிவிளிம்பு விலகல் அலைநீளத்தோடு வளர்வதால், 800 நானோமீட்டரில் எஃப் 8 தரும் மங்கல், பச்சை ஒளியில் எஃப் 11 தருவதற்குச் சமம். லென்ஸ் மறைப்பு வளையம் எப்போதும் மாட்டியிருக்க வேண்டும்.

எக்ஸ்போஷர், அதாவது படத்துக்கு வேண்டிய ஒளியின் அளவை அமைப்பது, எளிது. முழு வெயிலில் சென்சாரின் உணர்திறனைக் குறிக்கும் ஐஎஸ்ஓ 200, எஃப் 8, விநாடியில் 125இல் ஒரு பங்கு என்பதைச் சுற்றியே வரும். கையில் பிடித்தே எடுக்கலாம். சிவப்பின் பதிவு பச்சை, நீலம் இரண்டையும் முந்திக்கொண்டு நிரம்பிவிடும் என்பதால், மூன்று நிறங்களையும் தனித்தனியே காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடத்தைத்தான் பார்க்க வேண்டும். என் கேமராவில் கண்ணை வைத்துப் பார்க்கும் வ்யூஃபைண்டர் கிடையாது. உச்சிவெயிலில் திரை தெரியாது. தலையோடு சேர்த்துத் துண்டைப் போர்த்திக்கொண்டு பார்ப்பேன். அப்படி நின்றிருந்தபோது காவேரிப்பாக்கம் ஏரிக்கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் வந்து திரையை எட்டிப் பார்த்து, "இன்னா சார் இது, மரமெல்லாம் நரைச்சிப் போயிருக்குது?" என்றார். வுட் விளைவுக்கு அதைவிடச் சுருக்கமான வருணனையை நான் இதுவரை படித்ததில்லை.

மரமில்லாத மலை, நீரில்லாத ஆறு, அரசனில்லாத கோட்டை என்று வேலூரைக் கேலியாகச் சொல்வதுண்டு. அகச்சிவப்பில் இவை மூன்றும் மூன்று விதமான பாடம். ஊரைச் சுற்றியுள்ள பாறை மலைகள் கோடையில் பயன் தருவதில்லை. இலை இல்லாத பாறையும் காய்ந்த மண்ணும் ஒரே சாம்பலாகப் பதிந்து படத்தில் எந்த வேறுபாடும் இருக்காது. ஐப்பசி மழை இறங்கியபின் அதே மலைகளின் பாறை இடுக்குகளில் புல்லும் புதரும் தழைக்கும்போது, கருஞ்சாம்பல் பாறையில் வெண்திட்டுகள் ஓடிக் கண்ணுக்குத் தெரியாத நீர்த்தடங்களையெல்லாம் வரைந்துகாட்டும். பாலாற்றில் மணல் நடுத்தரச் சாம்பலாகவும், அதில் முளைத்த நாணலும் சீமைக்கருவேலமும் வெண்மையாகவும் வருகின்றன. மணலின்மேல் நேரே நின்று எடுத்தால் வெறுமையாக இருக்கும்; பாலத்தின்மீது நின்று கீழ்நோக்கி எடுத்தால் ஆற்றின் பழைய ஓட்டங்கள் தெரிகின்றன.

கோட்டைக்கு நண்பகலுக்குச் சற்று முன்னால் போவது நல்லது. பதினாறாம் நூற்றாண்டின் கருங்கல் மதில்கள் அப்போது பக்கவாட்டு ஒளியை இழந்து சாதாரணப் படத்தில் சப்பென்று இருக்கும். அகச்சிவப்பிலோ மதில் நடுச்சாம்பலாகவும், மதிலை ஒட்டிய மரங்கள் வெண்மையாகவும், அகழி நீர் கருமையாகவும் பிரிந்து நிற்கும். நீர் கருமையாக இருந்தாலும் அதில் விழும் பிம்பம் மறைவதில்லை. வெளுத்த மரத்தின் நிழலுரு கரிய நீரில் அப்படியே கிடைக்கும். கலங்கிய, ஆழமற்ற நீர் அவ்வளவு கருக்காது. நீரின்மேல் பாசியோ மிதக்கும் இலையோ படர்ந்திருந்தால் அந்தப் பகுதி வெள்ளைத் தரையாகிவிடும். அது வேண்டுமா வேண்டாமா என்பதை நிற்கும் இடத்தை மாற்றித் தீர்மானித்துக்கொள்ளலாம்.

என் தேர்வைக் கேட்டால் மலையையும் கோட்டையையும் விட்டுவிட்டு ஏரிக்கரைகளையே சொல்வேன். வாலாஜாவுக்கு அருகே பாலாற்று அணைக்கட்டிலிருந்து வரும் கால்வாயால் நிரம்பும் காவேரிப்பாக்கம் ஏரி, கார்த்திகை வாக்கில் கரை தொட நிற்கும்போது, ஒருபுறம் கருமையான நீர்ப்பரப்பு, மறுபுறம் வெள்ளை வெளேரென்ற நெல்வயல், நடுவே கரையின் பனைகள் என்று இந்தக் கேமராவுக்கு வேண்டிய எல்லாம் ஓரிடத்தில் அமைந்துவிடுகின்றன. பனையின் தண்டு கருத்து, ஓலைகள் மட்டும் வெண்விசிறிகளாக வானத்தில் நிற்கும். ஆவணி, புரட்டாசிப் பிற்பகல்களில் இடிமழைக்கு முன் திரளும் குவிமேகங்கள் கிடைத்தால் இன்னும் நல்லது. தொலைதூரக் காட்சிகளைப் பொறுத்தவரை எதிர்பார்ப்பை அளவாக வைத்துக்கொள்ள வேண்டும். காற்றின் மூலக்கூறுகளால் வரும் நீலமூட்டத்தை அகச்சிவப்பு நன்றாக ஊடுருவும். மழை பெய்து ஓய்ந்த மறுநாள் ஏலகிரியின் மடிப்புகள் கண்ணுக்குத் தெரிவதைவிடக் கூர்மையாகப் படத்தில் வரும். பங்குனி, சித்திரைப் புழுதியையும் மார்கழி மூடுபனியையும் அது ஊடுருவாது. அந்தத் துகள்கள் பெரியவை, எல்லா ஒளியையும் ஒருசேரச் சிதறடிப்பவை.

கணினியில் செய்வது அதிகமில்லை. டார்க்டேபிளில் ஒயிட் பேலன்ஸை முடித்து 16 பிட் டிஃப் கோப்பாக வெளியேற்றி, கிம்ப் மென்பொருளில் நிறங்களை இடம் மாற்ற உதவும் சேனல் மிக்ஸரைத் திறந்து, சிவப்பு வெளியீட்டில் சிவப்பைச் சுழியாக்கி நீலத்தை ஒன்றாக்கவும், நீல வெளியீட்டில் நீலத்தைச் சுழியாக்கிச் சிவப்பை ஒன்றாக்கவும் வேண்டும். செம்பழுப்பு வானம் நீலமாகும். இலைகளில் எஞ்சும் மெல்லிய நிறச்சாயலை நிறச்செறிவைக் குறைத்து அடக்கிவிடுவேன். எல்லாப் படத்துக்கும் இந்த நீலவானம் பொருந்துவதில்லை. கோட்டையும் ஏரியும் கறுப்பு-வெள்ளையில்தான் நிற்கின்றன. அவற்றுக்கு நிறமாற்றத்தைச் செய்யாமல் நேரே சாம்பலுக்குக் கொண்டுபோய், வெளுத்த இலைகளில் நரம்பும் நுணுக்கமும் தெரியும் அளவுக்கு மேல்வெளிச்சத்தைச் சற்று இறக்கிவைக்கிறேன். இலை வெள்ளைத் தாளாகிவிட்ட அகச்சிவப்புப் படங்களே எங்கும் காணப்படுவதால், இதில் பிடிவாதமாக இருக்கிறேன்.

லென்ஸின் முகப்புக்குப் பொருந்தும் அளவில் 850 ஃபில்டர் ஒன்றை இப்போது வாங்கியிருக்கிறேன். ஒளி ஒரு படிக்குமேல், அதாவது பாதிக்குமேல், குறைகிறது, ஐஎஸ்ஓவை 400க்கு உயர்த்த வேண்டியிருக்கிறது. வானம் இன்னும் ஆழமாகிறது, நிறம் அடியோடு போய்விடுகிறது. ஏரி நிரம்பும் பருவம்வரை பாலாற்றுப் பாலங்களின்மீது நின்று இதைப் பழகிக்கொண்டிருக்கிறேன்.